கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் மோட்டாரைப் பற்றியோ விற்பனையைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கடிதப் பிரிவில் இருந்தவன். ஓய்வு பெறும்வரை கடிதம் எழுதினேன், பிறர் எழுதியதைத் திருத்தினேன். ஆகவே கடிதம் முடிகிற இடத்தில், கையெழுத்துக்கு மேலே வருகிற அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் தான் அனுப்பிய ஈமெயில் ஒன்றைக் காட்டினார். வாங்கிய சில நாளிலேயே மோட்டார் எரிந்துபோய், கிணற்றில் தண்ணீர் இருந்தும் தோட்டத்துக்குப் பாய்ச்ச முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு எழுதிய பதில் அது. நன்றாகவே எழுதியிருந்தார். தவறை ஒப்புக்கொண்டிருந்தார், மெக்கானிக் எப்போது வருவார் என்று குறிப்பிட்டிருந்தார். கடைசியில் மட்டும், ‘இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“இது நான் எழுதுனதில்லீங்க சார். அதுவா வந்து விழுகுது,” என்றார்.

அதுவாக வந்து விழுகிற வரி எங்கள் காலத்திலும் உண்டு. ஈமெயில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது 1998இல். 97 என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இணைப்புக்கு எழுதிக் கொடுத்த ஆண்டு. நான் சொல்லப்போவது அதற்கும் முன்னால், தட்டச்சு இயந்திரமும் கார்பன் தாளுமாக இருந்த 1994இல் நடந்தது.

எங்கள் நிறுவனம் கோவையில், துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையில் இருந்தது. கிணற்று மோட்டார், பம்ப்செட் செய்தோம். ‘இப்படிக்கு’, ‘இங்ஙனம்’, ‘தங்கள் உண்மையுள்ள’, ‘பணிவன்புடன்’ என்று எத்தனையோ விதமாகக் கடிதத்தை முடிக்கலாம். எதை யாருக்குப் போடுவது என்பதற்குப் பட்டியல் ஏதும் கிடையாது. வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் ‘என்றும் அன்புடன்’ என்றே முடிக்கிற ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். மதுக்கரைப் பக்கம் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு, சரக்கு சரியில்லை, தாமதம், இனி இப்படி நடந்தால் வேறிடம் பார்ப்போம் என்று கடுமையாக ஒரு கடிதம் எழுதி, அதையும் அப்படியே முடித்துவிட்டார். பட்டறைக்காரர் கடிதத்தோடு நேரில் வந்து நின்றார்.

“ஏனுங்க, மேல அத்தனை அடி அடிச்சுப்போட்டுக் கீழ அன்புங்கறீங்க. நான் எதை நம்பறதுங்க?”

அறையே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நம் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லி எழுந்திருப்பதில்லை. ‘வாரேனுங்க’ என்றுதான் சொல்கிறோம். கிளம்புகிறவன் திரும்பி வருவதைச் சொல்லிவிட்டுப் போகிறான். கடிதத்தின் கடைசி வரி அந்த ‘வாரேன்’ மாதிரிதான். படிக்கிறவர் நம்மை எந்த முகத்தோடு நினைவில் வைத்துக்கொள்வார் என்பது அங்கேதான் முடிவாகிறது.

இனி அந்தியூர்.

அந்தியூரில் எங்களுக்கு ஒரு டீலர் இருந்தார். பெயர் சென்னியப்பன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கடையிலிருந்து வரும் ஆர்டர் கடிதங்களை எங்கள் அலுவலகம் முழுவதற்கும் தெரியும். மற்ற டீலர்கள் ‘உடன் அனுப்பவும்’ என்று முடிப்பார்கள். அந்தியூர்க் கடிதம் மட்டும், கையெழுத்துக்கு மேலே, ‘பயிர் காத்திருக்கிறது’ என்று முடியும். முதலில் சிரித்தோம். பிறகு, அனுப்பும் பிரிவில் இருந்தவர்கள் தங்களை அறியாமலே அந்தியூர்ச் சரக்கை முதலில் கட்ட ஆரம்பித்தார்கள்.

1994 ஆடியில், கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில், சென்னியப்பன் மாரடைப்பில் இறந்துபோனார் என்று தகவல் வந்தது. அவர் மனைவி சரோஜாவின் பெயருக்கு இரங்கல் கடிதம் எழுதச் சொன்னார் விற்பனை மேலாளர். நான் எழுதிக் கொடுத்தேன். செலின் என்று ஒரு பெண் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள். தமிழ்த் தட்டச்சு அவள்தான். அவள் அடித்தாள், மேலாளர் கையெழுத்துப் போட்டார், கடிதம் தபாலில் போனது.

இரண்டு நாள் கழித்து, செலின் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“சார், வெள்ளை லெட்டர்ஹெட் கட்டு இன்னும் பிரிக்கவே இல்லீங்க சார்.”

“அதுக்கென்ன, கண்ணு?”

“அந்தியூர் லெட்டரை அப்புறம் எதுல அடிச்சேன்?”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எங்களிடம் இரண்டு வகைத் தாள் இருந்தது. மேலே நிறுவனத்தின் பெயர் மட்டும் உள்ள வெள்ளைத் தாள் ஒன்று. இன்னொன்று ‘டீலர் தாள்’. டீலர்களுக்கு மட்டும் போவது. தட்டச்சுக்காரர்களின் வேலையைக் குறைக்க, அதன் அடியில் ஒரு வரியை அச்சகத்திலேயே அடித்து வாங்கியிருந்தார்கள்: ‘தங்கள் மேலான ஆர்டர்களை அன்புடன் எதிர்நோக்கும்’. அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். செலின் பழக்கதோஷத்தில் டீலர் தாளை எடுத்துவிட்டாள்.

கோப்பிலிருந்த கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன். அச்சடித்த வரி நகலில் விழாது. நகல் குற்றமில்லாமல் இருந்தது. ஆனால் அந்தியூருக்குப் போன அசலில், ‘ஆழ்ந்த அனுதாபங்களுடன்’ என்று நாங்கள் அடித்ததற்கு நேர் கீழே, ‘தங்கள் மேலான ஆர்டர்களை அன்புடன் எதிர்நோக்கும்’ என்று இருந்திருக்கும். எழுதியவன், அடித்தவள், கையெழுத்திட்டவர் மூவரும் பார்த்த கடிதம். தினமும் பார்த்துப் பழகிய வரி என்பதால் மூவர் கண்ணுக்கும் அது தெரியவே இல்லை.

மேலாளரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கருமாதி கூட முடியல, அதுக்குள்ள ஆர்டர் கேட்டாங்கன்னு ஈரோட்டுப் பக்கம் பூரா பேசுவாங்களே! ஏம்மா அம்மணி, தாள் எதுன்னு பாத்து எடுக்கறதில்லையா?”

செலின் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

“நீங்களே நேர்ல போயிருங்க. புதுசா வெள்ளைத் தாள்ல ஒரு லெட்டர் தர்றேன். அதைக் கொடுத்துப்போட்டு, பழசைப் பக்குவமா வாங்கிட்டு வந்துருங்க. அப்புறம் இன்னொண்ணு. அந்தியூரையும் சேத்து நம்ம பவானி டீலரே பாத்துக்கறேன்னு கேட்டிருக்காரு. சரின்னு சொல்லலாம்னு இருக்கேன். அந்தம்மா தனியா என்ன பண்ணும்? அதையும் நோகாம சொல்லிருங்க.”

ஒரே பயணத்தில் மன்னிப்பும் கேட்க வேண்டும், கடையையும் பறிக்க வேண்டும். இப்படிப்பட்ட இரட்டை வேலையை யாராவது உங்கள் கையில் கொடுத்தால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள் என்று இன்று சொல்வேன். அன்று சரியென்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கோபி தாண்டியதும் பஸ் நகரவில்லை. சந்தைக்குப் போகும் மாடுகளும், லாரியில் நின்றபடி தலையை ஆட்டிக்கொண்டு வரும் குதிரைகளுமாகச் சாலை நிறைந்திருந்தது. பையில் இருந்த புதுக் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். திருத்தமாக இருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதம்.

கடையின் ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்குள் போனேன். துக்க வீட்டில் வாங்க என்று அழைக்க மாட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உறவினர் சிலர் இருந்தார்கள். சென்னியப்பனின் தம்பி சுவரில் சாய்ந்திருந்தார். நான் எந்த நிறுவனம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பம்பு கம்பெனிங்களா? பாத்துக்கங்கப்பா, லெட்டர் போட்டது பத்தலைன்னு ஆளையே அனுப்பிச்சுட்டாங்க. ஆர்டர் பொஸ்தகம் கொண்டாந்திருக்கீங்களா?”

யாரோ ஒருவர் கனைத்தார். பையின் மேல் கையை வைத்தபடி, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

உள்கதவோரமாக வந்து உட்கார்ந்த பெண்மணிதான் சரோஜா என்று புரிந்தது. நாற்பதைத் தாண்டியவர். கையில் கடிதக் கட்டு ஒன்று இருந்தது. அதன் மேலாக இருந்தது எங்கள் கடிதம்.

“சாரை எதுக்குங்க வம்புக்கு இழுக்கறீங்க?” என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “இத்தனை கடுதாசி வந்துதுங்க. அத்தனையும் நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க. எல்லாரும் அவரைப் பத்திச் சொல்லிப்போட்டு, ஆழ்ந்த அனுதாபம்னு முடிச்சுட்டாங்க. அதோட என் கதையும் முடிஞ்ச மாதிரி. உங்க கடுதாசி ஒண்ணுதானுங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டுது.”

கட்டிலிருந்து எங்கள் கடிதத்தை மட்டும் தனியே எடுத்தார்.

“கடையைச் சந்தைக்கு வந்தவங்களுக்கு வாடகைக்கு உட்டுறலாம், இருக்கற பம்பைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிறலாம்னு இவிய சொல்றாங்க. நான் வேண்டாங்கறேன். ஏன் வேண்டாம்னு கேட்டா எனக்குப் பதில் சொல்ல வரலீங்க. அப்பத்தான் இது வந்துது. இதைக் காட்டினேன். எம் பேரைப் போட்டு, எங்கிட்ட ஆர்டர் கேட்டிருக்காங்க பாருங்கன்னேன்.”

“அண்ணி, அவங்க வழக்கத்துக்குப் போட்டிருப்பாங்க,” என்றார் தம்பி. “பம்பைத் தூக்கி வெக்கறதுக்கு யாரு வருவா?”

“உங்கண்ணன் மட்டும் தலையிலயா தூக்குனாரு? ஆளு வெச்சுத்தான் தூக்குனாரு. நானும் வெச்சுக்கறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சார், நீங்களே சொல்லுங்க. இதை வழக்கத்துக்குப் போட்டீங்களா? நெசமாத்தான் கேட்டீங்களா?”



இந்தத் தொழிலில் நான் சந்தித்த மிகக் கடினமான கேள்வி இதுதான். நெசமாத்தான் என்று சொல்லிவிட்டால் அந்த அம்மா மகிழ்வார். ஆனால் அது பொய், அதோடு பவானிக்காரர் விஷயம் நாலு நாளில் தெரிந்துபோகும். பிழை என்று சொல்லிப் புதுக் கடிதத்தை நீட்டினால், அவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே பிடியை என் கையாலேயே பிடுங்கியதாகும். அனுப்பியவர் என்ன சொல்லச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். என்ன சொல்வது சரி என்பதுதான் தெரியவில்லை.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“அக்கா, அது அச்சடிச்ச வரிங்க. துக்கக் கடுதாசிக்கு அந்தத் தாளை எடுத்திருக்கவே கூடாது. தவறிப்போச்சு. மன்னிச்சுக்கங்கன்னு சொல்லத்தான் வந்தேனுங்க.”

“நான் சொன்னேனில்ல?” என்றார் தம்பி.

சரோஜா அவரைப் பார்க்கவில்லை. கடிதத்தைத் திருப்பி அடியில் இருந்த வரியை விரலால் தடவினார். “அச்சடிச்சதுங்களா? அப்ப இது எல்லாருக்கும் போற தாளுங்களா?”

“எல்லாருக்கும் இல்லீங்க்கா. டீலருக்கு மட்டும் போற தாளு.”

“டீலருக்கு மட்டும்.”

“ஆமாங்க.”

அவர் கடிதத்தை மடித்தார். “அப்பச் சரிங்க. டீலருக்குப் போற தாளு எம் பேருக்கு வந்திருக்குது. அது போதும்.”

எனக்குள் ஏதோ இளகியது. சொல்லச் சொல்லி அனுப்பாத ஒன்றைச் சொன்னேன்.

“அக்கா, அச்சடிச்சதோ அடிச்சதோ, கீழ கையெழுத்துப் போட்டது கம்பெனி. போட்ட வரிக்குக் கம்பெனி நிக்கோணும். காரியம் முடியட்டும். ஆர்டர் எழுதுங்க. நான் பேசறேன்.” பிறகு ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்: “எழுதறதுக்கு ஆள் இருக்குதுங்களா?”

முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“எப்பவும் நான்தானுங்க எழுதறது. அவருக்குக் கையெழுத்துப் போடவே சோம்பல். தோட்டத்துக்காரங்க எங்கிட்டத்தான வந்து உக்காந்துக்குவாங்க. ‘ஏனம்மணி, பயிரு நிக்குது, எப்ப வரும் எப்ப வரும்’னு. அதையேதான் கடைசியில எழுதிருவேன்.”

இத்தனை ஆண்டுகளாக எங்கள் அலுவலகம் சிரித்ததும், பிறகு சிரிக்காமல் சரக்குக் கட்டியதும் யாருடைய வரிக்காக என்று அப்போதுதான் தெரிந்தது.

பழைய கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன், மேலாளர் சொன்னபடி. “எனக்கு வந்ததை எதுக்குங்க கேக்கறீங்க?” என்றார். புதுக் கடிதம் என் பையிலேயே இருந்தது.

எழுந்தேன். துக்க வீட்டில் வாரேன் என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து வழியாக ரோட்டுக்கு வந்தேன். நாலடி நடப்பதற்குள் பின்னால் ஷட்டர் தூக்கும் சத்தம். சரோஜா உள்பக்கமாகவே கடைக்குள் வந்து, ஷட்டரை இடுப்பளவு உயர்த்திக் குனிந்து என்னைப் பார்த்தார். உள்ளே இருட்டில் எங்கள் பம்புகள் வரிசையாக நின்றன.

“சார், ஊட்ல சொல்லக் கூடாது. இது கடைங்க. இங்க சொல்லிப்போட்டுப் போலாமுங்க.”

“வாரேனுங்க்கா,” என்றேன்.

“வாங்க,” என்றார். ஷட்டர் இறங்கியது.

அலுவலகம் திரும்பியதும் மேலாளர் முதலில் கேட்டது, “லெட்டர் எங்க?”

“தரமாட்டேன்னுட்டாங்க.”

“பவானி விஷயம்?”

“சொல்லலீங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மாவட்டத்தின் விற்பனையைத் தலையில் சுமந்தவர், ஆடிப் பட்டம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு.

“அது வெறும் அச்சடிச்ச வரிங்க. அதுக்குப் போய்…”

“அச்சடிச்சதும் நாமதானுங்க. நம்ம கையெழுத்து அவங்ககிட்ட இருக்குது. இப்ப பவானிக்காரருக்குக் கொடுத்தா, டீலர் தாள்ல ஆர்டர் கேட்டுப்போட்டுக் கடையைப் பிடுங்கிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. அதைவிட முதல்ல நீங்க பயந்த பேச்சே தேவலைங்க.”

பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். “பயிர் காத்திருக்கிறது, அந்தம்மா எழுதறதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி. இந்தப் பட்டம் பார்ப்போம். பவானிக்காரருக்கு நான் சொல்லிக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட, நான் இன்னொரு தடவை திட்ட மாட்டேன்னு சொல்லிருங்க.”

நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: எந்த வரியைப் போட்டால் தப்பில்லை? அப்படி ஒரு வரி இல்லை. கண்டிக்கும் கடிதத்தை அன்பில் முடிக்காதீர்கள், இடிந்துபோனவருக்கு இனிய நாள் வேண்டாதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். அந்தியூரில் எனக்குத் தெரிந்தது வேறு. கடைசி வரியை நாம் மரியாதைக்காகப் போடுகிறோம். படிக்கிறவர் அதை வாக்காக எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நிறுவனம் அந்த வாக்கில் நிற்க வேண்டியிருந்தது. ‘எப்போது வேண்டுமானாலும் தொடர்புகொள்ளுங்கள்’ என்று உங்கள் ஈமெயிலின் அடியில் தானாக வந்து விழுந்தால், எப்போது வேண்டுமானாலும் ஒருவர் கூப்பிடுவார். எடுப்பீர்களா? அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்து, சந்தையும் கலைந்த பிறகு, ஆவணி தொடக்கத்தில் அந்தியூரிலிருந்து தபால் வந்தது. அதே கையெழுத்தில் ஆர்டர். அடியில் அதே வரி: ‘பயிர் காத்திருக்கிறது.’ அதற்குக் கீழே, முதல் முறையாக, ‘செ. சரோஜா’.

பதில் எழுதி செலினிடம் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

“எந்தத் தாளுங்க சார்?”

“டீலர் தாளுதான், கண்ணு.”

அவள் அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். இயந்திரத்தில் செருகுவதற்கு முன்னால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அடியில் அச்சடித்திருந்த வரியை, அதுவரை எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் படித்துப் பார்த்திராத அந்த வரியை, வாய்விட்டு ஒருமுறை படித்தாள்.